வெண்டியின் கணக்கு நோட்டு: ஓர் அமைதியான படத்தைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெல்லி ரைக்கார்ட் இயக்கிய ‘வெண்டி அண்ட் லூசி’ 80 நிமிடப் படம். இண்டியானாவிலிருந்து ஒரு பழைய ஹோண்டா அக்கார்டு காரில், அலாஸ்காவின் கெட்சிக்கனுக்கு, மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை தேடிப் போகிறாள் வெண்டி என்ற இளம்பெண். கூடவே லூசி என்ற நாய். வழியில் ஓரிகன் மாநிலத்துச் சிறு நகரம் ஒன்றில் கார் கிளம்ப மறுக்கிறது. நாய் தொலைகிறது. அவள் தேடுகிறாள். கதை இவ்வளவுதான். 2008 மே மாதம் கான் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. டொராண்டோ திரை விமர்சகர்கள் சங்கம் அதை அந்த ஆண்டின் சிறந்த படமாகவும், வெண்டியாக நடித்த மிஷேல் வில்லியம்ஸைச் சிறந்த நடிகையாகவும் தேர்ந்தெடுத்தது.

இந்தப் படத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன். நண்பர்களை உட்கார வைத்துக் காட்டியிருக்கிறேன். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியங்களைக் கவனித்திருக்கிறேன். அந்த வாக்கியங்களுக்கும் அச்சில் வந்த விமர்சனங்கள் பலவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பாராட்டியவர்களும் குறை சொன்னவர்களும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அவற்றில் இரண்டு தவறுகளை நானே எழுத்தில் செய்திருக்கிறேன். வறுமையையும் தனிமையையும் சத்தமில்லாமல் பேசும் எந்தப் படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் இதே குழிகள் காத்திருக்கும் என்பதால், ஒரே படத்தை எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசுகிறேன். முடிவையும் சொல்லித்தான் பேச முடியும். படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசிப்பது நல்லது.

‘ஒன்றுமே நடக்கவில்லை’

அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். ‘படம் நகரவே இல்லை’, ‘ஆவணப்படம் பார்ப்பது போல இருக்கிறது’ என்றும் வரும். பாராட்டுபவர்கள் அதையே திருப்பிப் போட்டு, ‘ஒன்றுமே நடக்காததுதான் இதன் அழகு’ என்று எழுதுவார்கள். இரண்டுமே பிழை. இந்தப் படத்தில் ஏராளமாக நடக்கிறது. நடப்பதெல்லாம் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்துக்குள் நடக்கிறது.

வெண்டியிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பெட்ரோலுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, இன்னும் எத்தனை மைல், கையில் மீதம் எவ்வளவு என்று அதில் எழுதி வைக்கிறாள். படம் தொடங்கும்போது அவளிடம் ஐந்நூற்றுச் சொச்சம் டாலர் இருக்கிறது. அலாஸ்கா போய்ச் சேர அது போதும். அதாவது, எதுவும் கெட்டுப்போகாவிட்டால் மட்டும் போதும். இந்த ‘மட்டும்’தான் படத்தின் கதை. கார் நிற்கிறது. மெக்கானிக் கடை இன்னும் திறக்கவில்லை. லூசிக்கு உணவு தீர்ந்துவிட்டது. காலி பான டப்பாக்களைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்கும்போது கட்டிய டெபாசிட் பணம் திரும்பக் கிடைக்கும். ஓரிகன்தான் 1971இல் அமெரிக்காவிலேயே முதன்முதலாக அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த மாநிலம். படம் எடுக்கப்பட்ட காலத்தில் ஒரு டப்பாவுக்கு 5 சென்ட். வெண்டி டப்பாக்களோடு போய்ப் பார்க்கிறாள், வரிசை நீளமாக இருக்கிறது. கையில் இருப்பதோ கொஞ்சம். வரிசையில் இருக்கும் ஒருவரிடம் அவற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கிறாள்.

இந்தக் காட்சியை ‘அவளுடைய ஈகை குணம்’ என்று கடந்துபோன விமர்சனங்களைப் படித்திருக்கிறேன். ஈகைதான், ஆனால் அதற்கு முன் அங்கே ஒரு கணக்கு நடந்திருக்கிறது. சில சென்டுகளுக்காக எவ்வளவு நேரம் நிற்கலாம்? வண்டி தெருவில் கிடக்கிறது, நாய் பசியோடு இருக்கிறது. மிஷேல் வில்லியம்ஸ் இதைச் சொல்லிக் காட்டுவதில்லை. வரிசையை ஒரு முறை பார்க்கிறார். அந்தப் பார்வையில் கூட்டல் கழித்தல் முடிந்துவிடுகிறது.

அடுத்து நடப்பதெல்லாம் இதே கணக்கின் தொடர்ச்சி. பல்பொருள் அங்காடியில் நாய் உணவு டப்பாக்களைத் திருடி மாட்டிக்கொள்கிறாள். 50 டாலர் அபராதம். ஆனால் அபராதத்தைவிடப் பெரிய செலவு காவல் நிலையத்தில் போன மணிநேரங்கள். கைரேகை எடுக்கும் இயந்திரத்தை இயக்கத் தெரியாமல் தடுமாறும் காவலர் ஒருவர், மறுபடியும் எடுக்க வேண்டும் என்கிறார். அங்கே அவருக்கு அது ஒரு சின்னத் தாமதம். வெளியே, கடை வாசலில் கட்டிப்போட்ட நாய் இல்லாமல் போவதற்கு அந்தத் தாமதம் போதுமானது. ஒரு துரத்தல் காட்சியில் நாம் உணரும் பதற்றம் முழுவதும் அந்தக் கைரேகைக் காட்சியில் இருக்கிறது. அதை உணராமல் ‘மெதுவான படம்’ என்று எழுதினால், நாம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

ஆகவே நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் யோசனை இது. இரண்டாவது முறை பார்க்கும்போது ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்டியிடம் இருந்து போகும் ஒவ்வொரு டாலரையும் எழுதுங்கள். போகும் ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுதுங்கள். யாரிடம் உதவி கேட்டாள், கேட்காமல் எங்கே விட்டாள் என்று குறியுங்கள். தாள் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்ற வாக்கியத்தை உங்கள் கை எழுத மறுக்கும்.

‘பணம் இருக்கும்போது ஏன் திருடினாள்?’

என்னை அதிகம் வருத்தப்பட வைக்கும் கேள்வி இது. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர் என்பதால்தான் அதிக வருத்தம். ஐந்நூறு டாலர் வைத்திருப்பவள் இரண்டு டப்பா நாய் உணவை ஏன் திருட வேண்டும்? பழைய காரை நம்பி ஏன் இவ்வளவு தூரம் வந்தாள்? சாப்பாட்டுக்கே வழியில்லாதவளுக்கு நாய் எதற்கு? ஒரு திரையிடலுக்குப் பிறகு, நல்ல வாசகரான ஒருவர், ‘பிழைக்கத் தெரியாத பெண்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

இந்தக் கேள்விகளை நமக்கு முன்பே படத்துக்குள் ஒருவன் கேட்டுவிட்டான். அங்காடியில் வேலை செய்யும் ஆண்டி என்ற இளைஞன் அவன். வெண்டியைப் பிடித்து மேலாளர் முன் நிறுத்தியவன். நாய்க்கு உணவு வாங்க முடியாதவர்கள் நாய் வளர்க்கக் கூடாது என்கிறான். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்கிறான். பணம் தந்துவிடுகிறேன் என்று வெண்டி சொல்வது எடுபடுவதில்லை. மேலாளர் சற்றுத் தயங்குகிறார், பையன் விடுவதாக இல்லை. ரைக்கார்ட் இந்தக் காட்சியை எழுதி வைத்திருப்பதே, நம்மில் பலர் அந்த அறையில் எந்தப் பக்கம் நிற்போம் என்று அவருக்குத் தெரியும் என்பதால்தான். விமர்சகர் அதே வாதத்தைத் தன் கட்டுரையில் எழுதும்போது, படத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அங்காடிப் பையனின் வசனத்தைத் திரும்பச் சொல்கிறார்.

படம் பிறந்த கதையே இதுதான். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. ஊரைவிட்டு வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்ட ஏழைகளைப் பற்றி, அவர்கள் நிலைக்கு அவர்களே காரணம், சோம்பல்தான் காரணம் என்ற பேச்சு அமெரிக்காவில் பரவலாக எழுந்தது. ஒருவர் உழைத்தால் போதுமா, கல்வியும் குடும்பப் பணமும் பின்புலமும் இல்லாமல் தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொள்ள முடியுமா என்ற கேள்வியில் இருந்துதான் இந்தக் கதையைப் பற்றிப் பேசத் தொடங்கியதாக ரைக்கார்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஓரிகன் எழுத்தாளர் ஜான் ரேமண்டின் ‘டிரெய்ன் குவயர்’ என்ற சிறுகதை இதன் மூலம்; திரைக்கதையை இருவரும் சேர்ந்து எழுதினார்கள்.

இனி, ஏன் திருடினாள் என்ற கேள்விக்கே வருவோம். வெண்டியின் பணம் செலவழிக்க இருக்கும் பணம் இல்லை. ஒவ்வொரு டாலரும் ஏற்கெனவே ஏதோ ஒரு மைலுக்குக் கணக்கு வைக்கப்பட்டுவிட்டது. கார் என்ன செலவு வைக்கும் என்று தெரியாத அந்தக் காலை நேரத்தில், எந்தச் செலவும் பயணத்தின் மறுமுனையில் இருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பதுபோலத்தான். மாதக் கடைசியில் அரிசிக்கென்று எடுத்து வைத்த பணத்தை வேறொன்றுக்குத் தொட்டவர்களுக்கு இது விளங்கும். அவள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. படமும் சொல்லவில்லை. அவள் எடுத்த முடிவு முட்டாள்தனமானது அல்ல, நெருக்கடியின் தர்க்கம் அப்படித்தான் இருக்கும் என்றுதான் சொல்கிறேன். நம் தவறுகளுக்கும் அவள் தவறுக்கும் அளவில் வேறுபாடு இல்லை. நம் தவறுக்கு ஐம்பது டாலரோடு விலை முடிந்துவிடும். அவளுக்கு முடிவதில்லை.

இதன் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறு இருக்கிறது. நல்ல மனம் படைத்தவர்கள் செய்வது. வெண்டியைத் தெய்வமாக்குவது. ‘அப்பாவி’, ‘ஒரு பாவமும் அறியாதவள்’ என்று எழுதுவது. அவள் திருடினாள். சில இடங்களில் வெடுக்கென்று பேசுகிறாள். தன்னைப் பற்றி யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. ஏழை என்றால் நல்லவராகவும் இருந்தால்தான் இரக்கத்துக்குத் தகுதி என்ற எண்ணம், ‘பிழைக்கத் தெரியாதவள்’ என்ற எண்ணத்தின் உடன்பிறப்பு. இரண்டுமே அவளிடம் தகுதிச் சான்றிதழ் கேட்கின்றன.

வில்லனைத் தேடுவது

திரைக்கதை என்றால் எதிரி வேண்டும் என்று நாம் பழகிப்போயிருக்கிறோம். அதனால் சில விமர்சனங்கள் அங்காடிப் பையனை வில்லனாக்கும். சில, காவலர்களை. சில, மெக்கானிக்கை. வில் பேட்டன் நடித்த அந்த மெக்கானிக் என்ன செய்கிறார்? வண்டியை இழுத்து வரும் கூலியைக் குறைத்துச் சொல்கிறார். பரிசோதித்துவிட்டு, எஞ்சின் போய்விட்டது, சரிசெய்ய 2,000 டாலர் ஆகும், இந்தக் காருக்கு அது தேவையில்லை என்று உண்மையைச் சொல்கிறார். நேர்மையான தொழிலாளி. அவருடைய நேர்மைதான் வெண்டியின் பயணத்தை முடிக்கிறது. இதை ஏற்றுக்கொள்வது கடினம். அவர் ஏமாற்றியிருந்தால் நமக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

அங்காடிப் பையனும் அப்படித்தான். பின்னொரு காட்சியில், வேலை முடிந்து நிற்கும் அவனை வீட்டார் காரில் வந்து அழைத்துப் போகிறார்கள். வெண்டி தூரத்திலிருந்து பார்க்கிறாள். அவனுக்கு அழைத்துப் போக ஆள் இருக்கிறது. இருவருக்கும் உள்ள இடைவெளி இவ்வளவுதான் என்று காட்டிவிட்டுக் கேமரா நகர்ந்துவிடுகிறது.

மருந்துக் கடையின் வாசலில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்க்கும் வயதான காவலாளியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். வால்டர் டால்டன் நடித்த பாத்திரம். படத்தில் அவருக்குப் பெயர்கூட இல்லை. அவரை ‘நம்பிக்கையின் வெளிச்சம்’ என்று எழுதுவது வழக்கம். அது அரைகுறையான வாசிப்பு. முதலில் வெண்டியைத் தட்டி எழுப்பி, இங்கே வண்டியில் தூங்கக் கூடாது என்று சொல்பவரும் அவர்தான். வாகன நிறுத்தத்தில் இருந்து காரைத் தெருவுக்குத் தள்ள உதவுபவரும் அவர்தான். வெளியேற்றியவரும் உதவியவரும் ஒரே ஆள். அவருக்கு அது வேலை, இது மனசு. இரண்டும் ஒரே சீருடைக்குள் இருக்கின்றன.

அவர்கள் இருவரும் நின்று பேசும் ஒரு காட்சி இருக்கிறது. ஊரில் முன்பு மில் இருந்தது, அது மூடிப் பல காலம் ஆயிற்று, மக்கள் பகல் முழுவதும் என்ன செய்கிறார்கள் என்றே தெரியவில்லை என்கிறார் அவர். முகவரியும் போனும் இல்லாமல் வேலை கிடைக்காது என்கிறாள் வெண்டி. முகவரி இல்லாமல் முகவரி கிடைக்காது, வேலை இல்லாமல் வேலை கிடைக்காது என்கிறார் அவர். இந்தப் படத்தில் சமூகத்தைப் பற்றிய ‘கருத்து’ என்று எதையாவது சுட்டிக்காட்டலாம் என்றால் இந்த நான்கு வாக்கியங்களைத்தான். இதைச் சொல்பவர் பேராசிரியர் அல்லர், அரசியல்வாதி அல்லர். கால் கடுக்க நிற்கும் ஒருவர். வில்லனைத் தேடுபவர்கள் இங்கேதான் தேடியிருக்க வேண்டும். ஆனால் இங்கே முகம் எதுவும் இல்லை.

கடைசியில் அவர் வெண்டியின் கையில் சில நோட்டுகளைத் திணிக்கிறார். காரில் காத்திருக்கும் பெண்ணுக்குத் தெரியாமல், மறுப்புச் சொல்லாதே என்று சொல்லித் தருகிறார். அவர் போன பிறகு வெண்டி பார்க்கிறாள். பத்து டாலர்கூடத் தேறாது. ‘நெகிழ வைக்கும் காட்சி’ என்று எழுதிவிட்டுப் போவது எளிது. நானும் முதல் முறை அப்படித்தான் எழுதினேன். தொகையைக் குறிப்பிடவே இல்லை. அந்தத் தொகையைச் சொல்லாமல் அந்தக் காட்சியைப் பற்றி எழுதக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்பதும், அதையும் ஒளித்துத்தான் தர வேண்டியிருக்கிறது என்பதும், அது வெண்டியின் பிரச்சினையில் ஒரு மூலையைக்கூடத் தீர்க்காது என்பதும் அந்தச் சில நோட்டுகளில் ஒன்றாக இருக்கின்றன. அன்பு உண்மையானது, அது போதாது என்பதும் உண்மை.

காலத்தைப் பிழையாகப் பொருத்துவது

நான் செய்த இரண்டாவது தவறு இது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. டிசம்பரில் படம் திரையரங்குக்கு வந்தபோது அமெரிக்காவில் வேலை இழப்பும் வீடு இழப்பும் செய்தியாகக் குவிந்துகொண்டிருந்தன. ‘பொருளாதார வீழ்ச்சியைப் பற்றிய படம்’ என்று பலரும் எழுதினார்கள். நானும் பிற்பாடு ஒரு குறிப்பில் அப்படியே எழுதினேன். ஆனால் படப்பிடிப்பு நடந்தது 2007இல். கானில் திரையிட்டது லேமன் விழுவதற்கு நான்கு மாதம் முன்பு. கதைக்கான விதை 2005இல் விழுந்தது. அதாவது வெண்டியின் நிலை, பங்குச் சந்தை நன்றாக இருந்த காலத்து நிலை. மில் மூடியது வங்கி விழுந்ததால் அல்ல.

இதைத் தேதித் திருத்தம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நெருக்கடி வந்ததால் அவள் ஏழை ஆனாள் என்று எழுதினால், நெருக்கடி தீர்ந்ததும் அவளும் தீர்ந்துவிடுவாள் என்று ஆகிறது. நெருக்கடி இல்லாத காலத்திலும் இப்படி வாழ்ந்தவர்கள் இருந்தார்கள் என்றுதான் படம் சொல்கிறது. வெளியான மாதத்தைப் பார்த்துப் பொருள் சொல்வதற்கு முன், எழுதிய ஆண்டையும் எடுத்த ஆண்டையும் பார்த்துவிடுங்கள்.

‘நியோ ரியலிசம்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வது

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில், எளிய மனிதர்களின் அன்றாடத்தை அலங்காரமில்லாமல் காட்டிய இத்தாலியப் படங்களின் போக்குக்குத்தான் நியோ ரியலிசம் என்று பெயர். 2009 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதழில் விமர்சகர் ஏ.ஓ. ஸ்காட், இந்தப் படத்தையும் ரமீன் பஹ்ரானி போன்றவர்களின் படங்களையும் சேர்த்து, ஒரு புதிய நியோ ரியலிச அலை என்று நீண்ட கட்டுரை எழுதினார். நியூயார்க்கர் இதழின் ரிச்சர்ட் பிராடி அதை மறுத்து எழுத, ஸ்காட் பதில் சொல்ல, நல்ல விவாதம் நடந்தது. அந்த ஒப்பீடு ஆதாரமில்லாதது அல்ல. எழுதும் காலத்தில் இத்தாலிய நியோ ரியலிசப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ரைக்கார்டே சொல்லியிருக்கிறார். வித்தோரியோ டி சிகாவின் ‘உம்பெர்த்தோ டி.’ (1952) நினைவுக்கு வராமல் இருக்க முடியாது: வாடகை கட்ட முடியாத முதியவர், அவருடைய நாய், அது தொலைந்து அவர் தேடும் காட்சி, நாய்க் கொட்டடி.

ஆனால் முத்திரை குத்திவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் நம்மிடம் உள்ள பழக்கம். ஒப்பிட்டால் வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். உம்பெர்த்தோ ஓய்வுபெற்ற அரசு ஊழியர். போதாத ஓய்வூதியம்தான், ஆனாலும் ஓய்வூதியம். படம் தொடங்குவதே அதை உயர்த்தக் கேட்டு முதியவர்கள் நடத்தும் ஊர்வலத்தோடு. கோரிக்கை வைக்க அவருக்கு ஓர் அரசு இருக்கிறது, கூட நடக்க ஆட்கள் இருக்கிறார்கள். வெண்டிக்குக் கோரிக்கை வைக்க இடமே இல்லை. டி சிகாவின் முதியவராக நடித்தவர் கார்லோ பட்டிஸ்டி என்ற மொழியியல் பேராசிரியர், தொழில்முறை நடிகர் அல்லர். வெண்டியாக நடித்தவர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட நடிகை. டி சிகாவின் படத்தில் இசை நம் கண்ணீரை முன்னே நின்று அழைக்கிறது. ரைக்கார்ட் படத்தில் பின்னணி இசை இல்லை. வெண்டி வாய்க்குள் முனகும் ஒரு மெட்டு மட்டும் இருக்கிறது. அங்கே முதியவரும் நாயும் கடைசியில் சேர்ந்து விளையாடுகிறார்கள். இங்கே பிரிகிறார்கள். இவ்வளவு வேறுபாட்டையும் ஒரு முத்திரைச் சொல் விழுங்கிவிடக் கூடாது.

டி சிகாவின் அந்தப் படத்துக்கு நேர்ந்தது இன்னொரு தவறையும் நினைவூட்டுகிறது. இத்தாலிய அரசில் துணைச் செயலராக இருந்த ஜூலியோ அந்திரேயோத்தி, இந்தப் படம் நாட்டைத் தவறாகக் காட்டுகிறது என்று டி சிகாவைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார். 1980இல் நடிகையும் மாநிலங்களவை உறுப்பினருமான நர்கிஸ், சத்யஜித் ராய் இந்தியாவின் வறுமையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார் என்று சொன்னது நமக்குத் தெரிந்த கதை. ஏழையைப் படம் எடுத்தால் நாட்டின் மானம் போகிறது என்னும் இந்த வாதம், படத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. விமர்சனத்தில் அதற்கு இடம் தர வேண்டாம்.

‘அமைதியான படம்’ என்றால் சத்தம் இல்லாத படம் அல்ல

ஒரு சிறு குறிப்பு இது. ரயில்கள் படம் முழுக்க ஓடுகின்றன. முதல் காட்சியே சரக்கு ரயில்கள் நிற்கும் யார்டு. தூங்கும்போது, நடக்கும்போது, போனில் பேசும்போது, தொலைவில் ஒரு ரயிலின் ஊளை. முதல் முறை அது சூழல் ஒலிபோலத் தோன்றும். கடைசியில் வெண்டி சரக்கு ரயிலில் ஏறும்போதுதான், அவ்வளவு நேரமும் அது அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது என்று புரியும். ‘ஒலிப்பதிவு அருமை’ என்று ஒரு வரியில் முடிக்காமல் எந்த ஒலி எப்போது வருகிறது என்று எழுதுங்கள்.

தனிமையைத் தனியாகப் பிரித்து எழுதுவது

விமர்சனங்களில் இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பத்தி வறுமைக்கு, அடுத்த பத்தி தனிமைக்கு. தனிமை பற்றிய பத்தியில் ‘நவீன வாழ்வின் அந்நியமாதல்’ என்பது போன்ற சொற்கள் வந்து உட்காரும். வெண்டியின் தனிமை மனநிலை சார்ந்தது இல்லை. அதற்கும் ஒரு கணக்கு உண்டு.

இண்டியானாவில் இருக்கும் அக்காவுக்கும் அவள் கணவருக்கும் வெண்டி போன் செய்கிறாள். கார் நின்றுவிட்டது என்கிறாள். பணம் கேட்கவில்லை. ஆனால் அக்கா கேட்கும் முன்பே, எங்களால் ஒன்றும் முடியாது என்ற தொனியில் பேசுகிறாள். அவர்களும் நெருக்கடியில் இருக்கலாம். முன்பு எத்தனை முறை உதவி கேட்டிருக்கிறாளோ நமக்குத் தெரியாது. வெண்டி, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லிப் போனை வைக்கிறாள். காசில்லாதவர் உறவினருக்குப் போன் செய்தால் எதிர்முனையில் எழும் அந்தத் தயக்கத்தை அறிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இல்லை? ‘நலமா’ என்று கேட்கவே கூச்சப்பட வைப்பது வறுமை. போன் செய்வதற்கான காரணத்தையே சந்தேகத்துக்குரியதாக ஆக்கிவிடுகிறது அது. தனிமை அங்கேதான் பிறக்கிறது.

நாய்க் காப்பகத்தில் தொடர்பு எண் கேட்கிறார்கள், அவளிடம் எண் இல்லை. காவலாளியின் கைபேசிதான் அவளுக்கு முகவரி ஆகிறது. இரவில் காட்டுக்குள் படுத்திருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவன் வந்து அவள் சாமான்களைக் கிளறியபடி புலம்புகிறான். அவள் அசையாமல் கிடக்கிறாள். விடுதி அறைக்குப் பணம் இருந்தால் அந்த இரவு நடந்திருக்காது. இந்தப் படத்தில் வறுமை ஒரு பொருளாகவும் தனிமை வேறொரு பொருளாகவும் இல்லை. ஒன்றின் விலைதான் மற்றொன்று.

‘அவளுடைய கடந்த காலம் சொல்லப்படவில்லை, பாத்திரம் முழுமையாக இல்லை’ என்ற குறையும் இந்த இடத்தில்தான் பிழையாகிறது. அந்த ஊரில் யாருக்கும் அவளுடைய கடந்த காலம் தெரியாது, கேட்கவும் யாரும் இல்லை. நமக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டால், அவள் தனியாக இருக்க மாட்டாள். நாம் கூட இருப்போம். அந்த வசதியை ரைக்கார்ட் நமக்குத் தரவில்லை.

அமெரிக்கத் திரைத்துறையின் வயது வகைப்பாட்டுக் குழு இந்தப் படத்துக்கு, பெரியவர் துணையின்றிச் சிறுவர் பார்க்கக் கூடாது என்ற ‘ஆர்’ சான்றிதழ் தந்தது. வசைச்சொற்களைக் காரணம் காட்டியது. மனிதர்கள் தனிமையில் இருக்கிறார்கள், வாழ்க்கை கடினமானது என்று குழந்தைகள் தெரிந்துகொள்ளாமல் காப்பதற்காகத்தான் இந்தச் சான்றிதழோ என்ற பொருளில் ஸ்காட் தன் விமர்சனத்தின் கடைசியில் எழுதினார். இந்தப் படத்தைப் பற்றிப் படித்தவற்றுள் எனக்கு மிகப் பிடித்த குறிப்பு அது.

‘நாய்ப் படம்’

லூசி ரைக்கார்டின் சொந்த நாய். அவருடைய முந்தைய படமான ‘ஓல்ட் ஜாய்’ படத்திலும் வரும். கானில் நாய்களுக்கென்று தரப்படும் ‘பாம் டாக்’ விருதையும் லூசி பெற்றது. இதனால் படத்தை வளர்ப்புப் பிராணிப் பாசக் கதையாக எழுதியவர்கள் உண்டு. முடிவைத் ‘தியாகம்’ என்று அவர்கள் அழைப்பார்கள்.

முடிவைக் கவனமாகப் பார்க்க வேண்டும். லூசி ஒரு வீட்டில் இருப்பது தெரிகிறது. வெண்டி வாடகைக் காரில் போகிறாள். கையில் இருப்பதில் இருந்து அதற்கும் பணம் எண்ணிக் கொடுத்திருக்கிறாள். வேலியின் அந்தப் பக்கம் லூசி, நல்ல முற்றம், புல், வீடு. வெண்டி வேலி வழியாகக் குச்சியை எறிந்து விளையாடுகிறாள், படத்தின் தொடக்கத்தில் மர நிழலில் விளையாடியது போலவே. அப்போது கார் இருந்தது. இப்போது இல்லை. சரக்கு ரயிலில் நாயை ஏற்ற முடியாது. உணவு வாங்கவும் முடியாது. வீடு நன்றாக இருக்கிறது என்கிறாள். பணம் சம்பாதித்துத் திரும்பி வருவேன் என்று லூசியிடம் சொல்கிறாள்.

தியாகம் என்ற சொல் இங்கே பொருந்தாது. தியாகத்துக்குத் தேர்வு வேண்டும். வைத்துக்கொள்ளவும் முடியும், ஆனாலும் விட்டுக்கொடுக்கிறேன் என்பது தியாகம். நோட்டில் வரிக்கு வரி எழுதிவந்த கணக்கு இந்த வேலியில் வந்து முடிகிறது. நாய் வளர்க்கக் கூடாது என்று அங்காடிப் பையன் சொன்னதே கடைசியில் நடந்துவிட்டது. அவன் சொன்னது நியாயம் என்பதால் நடக்கவில்லை. ஒரு கார், ஓர் அபராதம், சில மணி நேரம் சேர்ந்து நடத்திவைத்தன. அதனால்தான் அந்த அழுகை தொண்டையில் நிற்கிறது, அழுது தீர்த்துவிட முடிவதில்லை.

பிறகு அவள் ரயிலில் இருக்கிறாள். பெட்டியின் திறந்த கதவுக்கு வெளியே மரங்கள் ஓடுகின்றன. அந்த மெட்டை மறுபடியும் முனகுகிறாள். முதல் காட்சியில் லூசியோடு நடந்தபோது முனகிய அதே மெட்டு. அப்போது கேட்க ஒரு நாய் இருந்தது.